தவளை நீச்சலுக்கு ஐந்து, கரையில் உட்கார ஒன்று

நேற்று மழை விட்ட பிறகு எங்கள் தெருவில் சாக்கடையோரமாக பிளீச்சிங் பவுடர் தூவிவிட்டுப் போனார்கள். சன்னலைச் சாத்த எழுந்தவன் சாத்தாமல் அங்கேயே நின்றுவிட்டேன். உங்கள் துண்டின் வாடை அது. மாதம் ஒருமுறை குளத்திலிருந்து நேராகத் திண்டிவனம் பஸ் நிலையத்துக்கு வந்து, விழுப்புரம் வண்டி பிடித்து, என் வீட்டு நாற்காலி முதுகில் அந்த ஈரத் துண்டை விரித்துப் போட்டுவிட்டுத்தான் உட்காருவீர்கள். நீங்கள் போன பிறகும் இரண்டு நாள் கூடத்தில் அந்த வாடை இருக்கும்.

உங்களுக்கு எழுத வேண்டும் என்று ஏழு மாதமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். நான்கு முறை தொடங்கிக் கிழித்துப் போட்டேன். நான்கிலும் இரண்டாம் பக்கம் வருவதற்குள் என்னை நானே மன்னித்துவிட்டிருந்தேன். இந்த முறை நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன். வரிசையாக எழுதுவது மட்டும்தான் எனக்கு ஓரளவு கைவந்த வேலை.

முதலில் அந்த நான்கு வயல்கள். அப்போது நான் புள்ளிவிவர அலுவலகத்தில் மேசையில் உட்கார்ந்து படிவங்களைச் சரிபார்ப்பவன். நீங்கள் கோலியனூர்ப் பக்கம் வயலுக்குப் போய் அறுவடைச் சோதனை செய்கிறவர். குலுக்கலில் வந்த வயலில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, அதற்குள் இருக்கும் மல்லாட்டை, அதாவது நிலக்கடலைச் செடிகளைப் பிடுங்கி, காயை ஆய்ந்து பச்சையாக எடை போடவேண்டும். பிறகு அதில் ஒரு கிலோவைக் காயவைத்து மறுபடி எடை போடவேண்டும். பச்சை எடையில் பாதிக்குப் பாதி தண்ணீராகக்கூட இருக்கும். காய்ந்த எடைதான் மெய்யான விளைச்சல். இதை வேலையில் சேர்ந்த முதல் வாரமே எனக்குச் சொல்லித்தந்துவிட்டார்கள். இந்தக் கடிதத்தில் பிறகு இது தேவைப்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

உங்கள் படிவத்தில் நான்கு வயல்களின் எடையும் முழுக் கிலோவிலோ அரைக் கிலோவிலோ முடிந்தன. நான்கும் காய்ந்தபோது ஒரே அளவுக்குக் குறைந்திருந்தன. நாள் முழுக்க அந்தப் படிவத்தை எடுத்து எடுத்து வைத்தேன். சாயங்காலம் சைக்கிள் நிறுத்துமிடத்தில் உங்களைப் பார்த்தபோது, என்னையும் மீறிக் கேட்டுவிட்டேன்.

“இந்த நாலு வயலும் அறுத்ததுதானுங்களா?”

“ஒண்ணு அறுத்தேன் சார். மீதி மூணும் மனசுலயே அறுத்துட்டேன்.”

இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஏன் என்று கேட்டேன்.

“வெய்யிலு சார். வயலாண்ட ஒரு கெணறு இருந்துச்சு. சும்மா காலை நனைக்கலாம்னு எறங்கினேன். ஏற மனசு வரல.”

மேலே எழுதி அனுப்பியிருக்க வேண்டும். எனக்கு மேலதிகாரி அறைக்குள் போவதற்கே பயம். மூன்று வயலிலும் இன்னும் செடி பிடுங்கவில்லை என்றீர்கள். மறுநாள் நானும் வருவதாகச் சொன்னேன். இருவரும் கயிறு கட்டி, ஆள் வைத்துப் பிடுங்கி, காய் ஆய்ந்து முடிவதற்குள் உச்சி வெயில் ஏறிவிட்டது. நீங்கள் சட்டையைக் கழற்றிக் கிணற்றுக் கட்டைச் சுவரில் வைத்துவிட்டுக் குதித்தீர்கள். நான் பம்புசெட் நிழலில், எடை எழுதிய தாள் பறக்காமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“நீ எறங்கல?” அன்றைக்குத்தான் ‘சார்’ போய் ‘நீ’ வந்தது.

“எனக்கு நீச்சல் தெரியாதுங்க.”

“அப்ப கரையில உக்காந்து எண்ணு. எத்தினி சுத்து வர்றேன் பாப்பம்.”

எண்ணினேன். பதினேழு. மேலே ஏறி வந்து தலையைத் துவட்டிக்கொண்டே, “இனிமே அறுக்காம ஒரு நம்பரும் எழுத மாட்டேன்யா. போதுமா?” என்றீர்கள். நான் கேட்காத சத்தியம் அது. அன்றிலிருந்து நீங்கள் நீந்துகிறவர், நான் கரையில் உட்கார்ந்து எண்ணுகிறவன். நாற்பது வருடம் அப்படியே போயிற்று.

இரண்டு பேரும் ஓய்வு பெற்றோம். நீங்கள் மகள் வீட்டோடு திண்டிவனம் போனீர்கள். எனக்கு மனைவி தவறிய வருடம்தான் உங்களுக்குச் சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் சேர்ந்து வந்தன. எடையைக் குறைக்கச் சொன்னார் மருத்துவர். நடந்தால் முழங்கால் வலிக்கிறது என்று புறவழிச்சாலைப் பக்கம் ஒரு நீச்சல் குளத்தில் சேர்ந்தீர்கள். ஒரு நாள் போன் செய்தீர்கள்.

“யோவ் கணக்கு. எந்த நீச்சலுக்கு எவ்ளோ கலோரி கரையும்? போட்டுக் குடு.”

இணையத்தில் இரண்டு மூன்று அட்டவணைகளை ஒப்பிட்டு ஒன்று தயாரித்தேன். சும்மா உட்கார்ந்திருக்கும் உடம்பு ஒரு மணி நேரத்தில், கிலோவுக்கு ஏறத்தாழ ஒரு கலோரி செலவழிக்கிறது. நீந்தும்போது அது எத்தனை மடங்கு என்பதுதான் கணக்கு. நிதானமான தவளை நீச்சலுக்கு ஐந்து புள்ளி மூன்று. மல்லாந்து நீந்தினால் நான்கு புள்ளி எட்டு. குப்புறப் படுத்துக் கைமாற்றி வீசினால் ஐந்து புள்ளி எட்டு. இரண்டு கையையும் ஒன்றாகத் தூக்கி அடிக்கும் பட்டாம்பூச்சி நீச்சலுக்குப் பதின்மூன்றுக்கு மேல். அப்போது உங்கள் எடை எழுபத்தெட்டு. அரை மணி நேரத் தவளை நீச்சலுக்கு இருநூற்றேழு கலோரி.

“அதுல மல்லாட்டை உருண்டை எத்தினி?”

“ரெண்டு வரும்னு நெனைக்கிறேங்க. உருண்டை என்ன அளவுன்னு தெரியாம உறுதியா சொல்ல முடியாது.”

“உன்னாண்ட போய் கேட்டேன் பாரு. பட்டாம்பூச்சில எத்தினி?”

“அஞ்சு. ஆனா அது உங்களுக்கு வேணாங்க.”

“ஆமா, அஞ்சு உருண்டைக்கு ஆசப்பட்டு ஆளே உருண்டுடுவேன். உள்நீச்சலுக்கு?”

நான் பார்த்த அட்டவணைகளில் உள்நீச்சல் இல்லை என்றேன். “தண்ணிக்குள்ள போனவன் கணக்கு உன்னாண்ட இல்ல,” என்று சிரித்தீர்கள்.

காலை எட்டு மணிக்கு உங்கள் போன் வரும். தவளை இத்தனை நிமிடம், மல்லாக்க இத்தனை, கைவீச்சு இத்தனை. வாரத்துக்கு ஒருமுறை எடை. நான் நோட்டில் எழுதி, பெருக்கி, கூட்டிச் சொல்வேன். முதல் மாதமே ஒரு பிழை கண்டுபிடித்தேன். இறங்கியதிலிருந்து ஏறும்வரை மொத்த நேரத்தையும் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலிருப்பவரோடு பேசிய நேரமும் அதில் அடக்கம். அதைக் கழிக்கச் சொன்னேன். “பேசறதுக்கு கலோரி கெடையாதா? அநியாயம்யா,” என்றீர்கள். ஆனாலும் மறுநாளிலிருந்து கழித்தே சொன்னீர்கள். போனை வைக்கும்போது தினமும் ஒரே வார்த்தைதான். “கணக்குப் போட்டியா? போய் சாப்பிடு.”

மனைவி போன பிறகு, காலையில் அடுப்புப் பற்றவைக்க எனக்குக் காரணம் எதுவும் இருக்கவில்லை. ஒருமுறை உங்களிடம் அதைச் சொல்லியிருக்கிறேன். சொன்னதை நான் மறந்துவிட்டேன். நீங்கள் மறக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

ஒன்றரை வருடத்தில் எடை எழுபத்து நான்குக்கு இறங்கியது. பிறகு ஏறத் தொடங்கியது. எழுபத்தைந்து. எழுபத்தேழு. “எட ஏறுதேய்யா,” என்றீர்கள். அதே நீச்சல், அதே சாப்பாடு. அப்படி ஏற முடியாது.

நான் என்ன செய்தேன் என்பதை எழுத வேண்டும். என் அட்டவணை தப்பு என்று முடிவு கட்டினேன். எனக்கு எப்போதும் முதலில் தோன்றுவது அதுதான். ஐந்து புள்ளி மூன்று என்பது நாற்பது வயதுக்காரனுக்கான எண்ணாக இருக்கலாம். எழுபது வயதுக்காரரின் தவளை நீச்சல் நான்குகூட வராது. அதிகமாகச் சொல்லி உங்களை அதிகமாகச் சாப்பிட வைத்துவிட்டேன். இப்படி நினைத்து, மடங்குகளைக் குறைத்து, ஒன்றரை வருடப் பக்கங்களையும் சிவப்பு மையில் திருத்தினேன். அதற்கு இரண்டு வாரம் ஆயிற்று. அந்த இரண்டு வாரத்தில் நீங்கள் எழுபத்தொன்பது கிலோ ஆனீர்கள்.

வேலை பார்த்த காலம் முழுவதும் மல்லாட்டையின் எடையிலிருந்து தண்ணீரைக் கழித்தவன் நான். ஏறுகிற எடையில் எவ்வளவு தண்ணீர் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

பழைய பக்கங்களைத் திருத்தும்போது வேறொன்று கண்ணில் பட்டது. முன்பெல்லாம் உங்கள் நிமிடங்கள் அடிக்கடி ஒன்றுபோலவே வரும். இருபத்திரண்டு, இருபத்திரண்டு, மறுநாளும் இருபத்திரண்டு. ஒரே உடம்பு ஒரே இடத்தில்தான் களைக்கும். ஆனால் கடைசி இரண்டரை மாதத்தில் அடுத்தடுத்த இரண்டு நாள் ஒரே எண் வரவே இல்லை. இருபத்தேழு, பதின்மூன்று, முப்பத்தொன்று, பத்தொன்பது. படிவத்தில் இதைப் பார்த்திருந்தால், இது அந்த வயலில் அறுத்ததில்லை என்று அந்த நிமிடமே சொல்லியிருப்பேன்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் காரணங்களை எண் போட்டு எழுதினேன். ஒன்று, சலிப்பு. இரண்டு, குளத்துக்குப் போகாமல் வேறெங்கோ போகிறார். மூன்று, கைக்கடிகாரம் பழுது. நான்கு, உடம்பு முடியவில்லை. நான்காவதாகத்தான் எழுதினேன், அந்தப் பக்கம் இப்போதும் அப்படியே இருக்கிறது.

மறுநாள் எட்டு மணிக்குக் கேட்டுவிடுவதென்று வாக்கியத்தைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். போன் வந்தது.

“தவள இருவத்தாறு. மல்லாக்க...” என்று நிறுத்தினீர்கள். மூச்சு வாங்கியது. “...பதினொண்ணு.”

இப்போதுதானே நீந்தி ஏறியிருக்கிறார், வாங்கத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டேன்.

“ஒண்ணு கேக்கணுங்க,” என்றேன்.

“கேளேன்.”

“தண்ணி ரொம்ப சில்லுனு இருந்துச்சுங்களா?”

“இல்லய்யா. நல்லாத்தான் இருந்துச்சு. போய் சாப்பிடு.”

கேட்டால் அந்த நிமிடமே ஒப்புக்கொள்கிற மனிதர் நீங்கள். சைக்கிள் நிறுத்துமிடத்திலேயே எனக்கு அது தெரிந்துபோனது. அதனால்தான் கேட்க முடியவில்லை என்று இப்போது தோன்றுகிறது. நீங்கள் ஒப்புக்கொண்டால் எட்டு மணிக்கு போன் வராது.

நீங்கள் விழுப்புரம் வந்தும் மூன்று மாதமாகியிருந்தது. “பஸ்ஸுல ஒரே கூட்டம்யா,” என்பீர்கள். சரி, நேரில் போய்ப் பார்த்துவிடலாம் என்று ஒரு நாள் விடிந்ததும் பையில் நோட்டை வைத்துக்கொண்டு கிளம்பினேன். அன்று அமாவாசை. பஸ் நிலையம் முழுக்க மேல்மலையனூர்க் கோயிலுக்குப் போகிற கூட்டம். பாதி வண்டிகளை அங்கே திருப்பிவிட்டிருந்தார்கள். முக்கால் மணி நேரம் ஒரு தூணோரம் நின்றேன். ஒரு பெண், “திண்டிவனந்தானே? டேசன் போங்க, ரயிலு இருக்குது,” என்றுகூடச் சொன்னாள். தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். எட்டு மணிக்கு நீங்கள் பேசியபோது, புறப்பட்டதையும் சொல்லவில்லை, திரும்பியதையும் சொல்லவில்லை. தவளை முப்பத்து மூன்று என்று எழுதிக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து, எட்டு மணிக்கு உங்கள் எண்ணிலிருந்தே அழைப்பு வந்தது. பேசியது உங்கள் மகள்.

“மாமா, அப்பா விடியக்காலையில போயிட்டாருங்க.”

நான் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? “குளத்துலயா?”

“கொளமா? அவரு தண்ணியில எறங்கியே மூணு மாசம் ஆகுது மாமா. இதயம் வீக்கா இருக்குது, எறங்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. காலெல்லாம் வீங்கி, உடம்பு பூரா நீர் கோத்துக்கினு... உங்களாண்ட சொல்லலியா?”

சொல்லவில்லை என்றேன். அதற்கு மேல் என்ன பேசினேன் என்று நினைவில்லை.

காரியம் முடிந்த மறுவாரம் அந்தக் குளத்துக்குப் போனேன். இந்த முறை ரயிலில். குளத்தோரம் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் நீளக் கம்பு வலையால் தண்ணீரிலிருந்து சருகு அள்ளிக்கொண்டிருந்தார். குளத்தைப் பார்த்துக்கொள்கிறவர். உங்கள் அடையாளம் சொன்னேன்.

“நம்ம மல்லாட்ட சாரா? டெய்லி வருவாருங்களே. கடசி வாரம் வரைக்கும் வந்தாரு. மக வண்டியில இட்டாந்து வுட்டுட்டுப் போவும். அதோ, அந்த பெஞ்சுலதான் உக்காந்திருப்பாரு.”

“தண்ணியில எறங்க மாட்டாருங்களா?”

“எங்க எறங்கறது? கால் ரெண்டும் தூணாட்டம் ஆயிடுச்சு. வாட்ச்ச கையில கயட்டி வச்சிக்கினு, நீந்துறவங்கள டைம் எடுப்பாரு. இன்னிக்கு ஒருத்தரு, நாளைக்கு ஒருத்தரு. செவுத்த புடிச்சிக்கினு நின்னா டைம நிறுத்திப்புடுவாரு. ‘சார், போட்டி கீட்டி நடத்தப் போறீங்களா’ன்னு நான்கூட கிண்டல் பண்ணியிருக்கேன்.”

“என்ன சொன்னாரு?”

“‘விழுப்புரத்துல ஒருத்தன் இருக்கான்டா. நான் நம்பர் குடுக்கலன்னா அவன் அடுப்பு பத்த வைக்க மாட்டான். பொய் நம்பர் குடுத்தா கண்டுபுடிச்சிடுவான்’னாரு. நீங்கதானா சார் அது?”

நான்தான் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வலையைத் தண்ணீரில் விட்டார்.

ஆக, ஒரு எண்ணையும் நீங்கள் மனதுக்குள் அறுக்கவில்லை. கிணற்றடியில் செய்த சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டீர்கள். பக்கத்து வயலில் அறுத்து உங்கள் வயல் என்று எழுதினீர்கள், அவ்வளவுதான். அந்த மூன்று மாதமும் யார் யாரோ செலவழித்த கலோரியை உங்கள் கணக்கில் நான் கூட்டிக்கொண்டிருந்தேன். அதே நாட்களில் உங்கள் காலில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

கேட்டிருந்தால் நோய் மாறியிருக்காது என்று உங்கள் மகள் சொல்கிறாள். என் மனம் கோணக்கூடாதென்று சொல்கிறாளா, மெய்யாகவே அப்படித்தானா, எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஒன்று தெரியும். கேட்டிருந்தால் அந்த பெஞ்சில் உங்கள் பக்கத்தில் நானும் உட்கார்ந்திருப்பேன். கரையில் உட்காருவதை நாற்பது வருடம் பழகியவன். நம் வாழ்க்கையில் முதல் தடவையாக நாம் இரண்டு பேரும் ஒரே கரையில் இருந்திருப்போம். நீங்கள் நேரம் பார்த்திருப்பீர்கள், நான் எழுதியிருப்பேன். நீந்துகிறவர்களைப் பற்றி நீங்கள் ஏதாவது கேலி பேசியிருப்பீர்கள். முப்பது சொச்சம் கிலோமீட்டர். ரயில் இருந்தது.

அன்று அந்த பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்தேன். நேரம் பார்த்துத்தான். யாரோ இருவர் தவளை நீச்சல் அடித்துக்கொண்டிருந்தார்கள். நோட்டைத் திறந்து, கடைசி மூன்று மாதப் பக்கங்களில் இருந்த தவளை, மல்லாக்க, கைவீச்சு எல்லாவற்றையும் ஒற்றைக் கோடாக அடித்தேன். அட்டவணையின் அடியில் புதிதாக ஒரு வரி சேர்த்தேன். கரையில் உட்கார்ந்திருத்தல்: ஒன்று. அரை மணி நேரம். அதை எடையால் பெருக்க வேண்டும். எழுபத்தொன்பதைப் போட முடியாது, அது பச்சை எடை. உங்கள் மெய்யான எடை அப்போது என்னவென்று எனக்குத் தெரியாது. அந்தக் கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது.

இப்போது காலை எட்டு மணிக்கு நோட்டை மேசையில் வைத்துக்கொண்டு உட்காருகிறேன். எழுத ஒன்றுமில்லை. பத்து நிமிடம் போனதும் எழுந்து அடுப்பைப் பற்றவைக்கிறேன். பசியால் இல்லை. நீங்கள் அவ்வளவு பாடுபட்டு என்னைப் பழக்கிவிட்டுப் போனது அது ஒன்றுதான். அதையும் தவறவிட எனக்குத் தைரியம் வரவில்லை.